99 சதவீதம் பொருந்தினால் போதுமா? நன்னீர் ஊடுருவி இனங்களை டிஎன்ஏ பார்கோடிங்கில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலையில் புதிதாக ஒரு மீன் சிக்குகிறது. அந்த நீர்நிலையில் இதுவரை பார்த்திராத உடல்வாகு. வெளியிலிருந்து வந்து பரவும் ஊடுருவி இனமோ என்று சந்தேகம். வால்துடுப்பின் ஓரத்தில் துளியளவு வெட்டி, எத்தனாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். சில நாளில் வரிசை வந்துவிடுகிறது: ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகளில் ஒரு நீண்ட பத்தி. அதைத் தரவுத்தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் அடுத்த நிமிடமே திரையில் ஒரு பெயர் நிற்கிறது. பெயர் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

அந்தத் தேடல் நிரல் "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பழகவில்லை. தன்னிடம் இருப்பவற்றில் எது நெருக்கமோ அதை எடுத்து நீட்டும், அவ்வளவுதான். நாம் தேடும் இனத்தின் வரிசையை இதுவரை யாருமே பதிவேற்றவில்லை என்றால், அதன் பங்காளி ஒருவன் முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவரது குழுவும் 2003-ல் முன்வைத்த யோசனை இது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் ஒரு துண்டு, சுமார் 658 எழுத்து நீளம், பெரும்பாலான விலங்குகளில் இனத்துக்கு இனம் மாறுகிறது. ஓர் இனத்துக்குள் அதிகம் மாறுவதில்லை. ஆகவே கடைப் பொருளின் பட்டைக்குறி போல அதைப் பயன்படுத்தலாம். தாவரங்களில் சிஓஐ அவ்வளவாக மாறாததால் ஆகாயத்தாமரை போன்றவற்றுக்கு ஆர்பிசிஎல், மேட்கே என்ற பசுங்கணிக மரபணுக்களைப் பார்க்கிறார்கள். கையில் உயிரியே இல்லாமல், நீரில் அது உதிர்த்த செல்களிலிருந்து டிஎன்ஏ எடுப்பது இன்னொரு வழி. சூழல் டிஎன்ஏ என்கிறோம். 2008-ல் பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளையை இப்படிக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகுதான் நன்னீர் ஆய்வில் இந்த வழி வேகமாகப் பரவியது.

சரி, மறுபடி அந்தத் திரைக்கு வருவோம். 99.1 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எத்தனை எழுத்துக்கு 99.1 என்பது பக்கத்துப் பத்தியில் இருக்கும். பலர் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவதே இல்லை. 658-ல் 380 எழுத்துகள் மட்டும் பொருந்தி அதில் 99.1 வந்திருந்தால் அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. அடுத்து வரிசையின் தரம். க்யூ20 என்பது நூற்றுக்கு ஓர் எழுத்து தவறாக வாசிக்கப்பட்டிருக்கலாம் என்ற அளவு. முழு வரிசையும் அந்தத் தரத்தில்தான் இருக்கிறது என்றால் 658-ல் ஆறேழு எழுத்துகள் பொய். அந்த ஆறேழே ஒரு சதவீதம் ஆகிவிடும். வேறு இனமோ என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வித்தியாசம் வெறும் மங்கலான முகடுகளாக (வரிசைக் கருவி ஒவ்வோர் எழுத்துக்கும் வரையும் மேடுகள்) இருக்கக்கூடும். வரிசையின் முன்னும் பின்னும் கலங்கிய பகுதியை வெட்டாமல் அப்படியே ஒட்டுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. முதலில் முகட்டுப் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

முதல் வரியோடு நிறுத்தாமல் முதல் இருபது வரிகளையும் படிக்க வேண்டும். ஆப்பிள் நத்தைகளை எடுத்துக்கொள்வோம். பயிரை மொட்டையடிக்கும் பொமேசியா கனாலிகுலாட்டாவும் அதன் உறவான பொமேசியா மாகுலாட்டாவும் ஓட்டைப் பார்த்து எளிதில் பிரிக்க முடியாதவை. மாகுலாட்டா நெடுங்காலம் இன்சுலாரம் என்ற பெயரிலும் திரிந்தது. 2012-ல்தான் இரண்டையும் தெளிவாகப் பிரித்து, இன்சுலாரமும் மாகுலாட்டாவும் ஒன்றே என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன் தரவுத்தளத்தில் ஏறிய பதிவுகள் பல பழைய பெயரோடு, சில தவறான பெயரோடு அப்படியே கிடக்கலாம். ஒரே சதவீதத்தில் மூன்று பெயர்கள் மாறி மாறி வந்தால் நமது நத்தை குழப்பமான பிராணி என்று அர்த்தமில்லை, பதிவேற்றியவர்கள் குழம்பியிருக்கிறார்கள். அப்போது பார்க்க வேண்டியது: எந்தப் பதிவுக்குப் பின்னால் அருங்காட்சியகத்தில் பாதுகாத்த மாதிரி இருக்கிறது, எங்கே பிடித்தது, யார் அடையாளம் கண்டது. பார்கோடு தரவுகளுக்கென்றே உள்ள போல்ட் தளத்தில் இந்த விவரங்கள் ஓரளவு ஒழுங்காகக் கிடைக்கும். வளர்ப்பு மீன் கடையில் வாங்கி, கடைக்காரர் சொன்ன பெயரிலேயே ஏற்றிய பதிவைக் கண்ணை மூடி நம்பக்கூடாது.

"இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு இனம்" என்ற வாய்ப்பாடும் இங்கே உலவுகிறது. தோராயமாக ஒதுக்கிப் பார்க்க உதவும். தீர்ப்புச் சொல்ல உதவாது. அண்மையில் பிரிந்த இனங்களுக்கிடையே அரை சதவீதம்கூட இருக்காது. சில நத்தைகளில் ஒரே இனத்துக்குள் ஐந்தைத் தாண்டும்.

தாயை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தீர்மானிப்பது

என் கணக்கில் நன்னீர் ஊடுருவிகளில் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. கலப்பினம் ஆனால் சிஓஐ தாயின் பெயரைச் சொல்லும், தந்தையைப் பற்றி மூச்சு விடாது. திலேப்பியாக்கள் இதற்கு நல்ல உதாரணம். நைல் திலேப்பியாவும் மொசாம்பிக் திலேப்பியாவும் கலந்து இனப்பெருக்கம் செய்பவை. பண்ணைகளில் வேண்டுமென்றே கலந்தும் வளர்க்கிறார்கள். பிடித்த மீனின் சிஓஐ "மொசாம்பிக்" என்றால், அதன் பாட்டிமார் வரிசையில் ஒருத்தி மொசாம்பிக் என்பது மட்டும் நிச்சயம்.

கார்பிகுலா என்ற ஆசிய மட்டி இன்னும் விநோதம். உலகெங்கும் பரவிய அதன் சில மரபுவழிகளில், கருவுற்றபின் முட்டையின் உட்கரு வெளியே தள்ளப்பட்டு, விந்தணுவின் உட்கரு மட்டும் மிஞ்சுகிறது. மைட்டோகாண்ட்ரியாவோ முட்டையுடையது. ஒரு வழியின் விந்து இன்னொரு வழியின் முட்டையைப் பிடித்துக்கொண்டால், ஓடு ஒரு மரபைச் சொல்லும், சிஓஐ வேறொன்றைச் சொல்லும். இரண்டு பேரும் அவரவர் அளவில் உண்மையே பேசுகிறார்கள்!

பளிங்கு நண்டும் இதே பட்டியல். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் மீன்தொட்டி வணிகத்தில் தென்பட்ட நன்னீர் நண்டு (கிரேஃபிஷ்) இது. எல்லாமே பெண்கள், ஆண் துணையின்றித் தன்னையே நகலெடுத்துப் பெருகும். ஒன்றே ஒன்று தப்பினாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும் என்பதால் இதை அடையாளம் காண்பது அவசரமான வேலை. ஆனால் ஃபுளோரிடா பகுதியைச் சேர்ந்த அதன் மூல இனமான புரோகாம்பரஸ் ஃபாலாக்ஸிலிருந்து அதை சிஓஐ கொண்டு நம்பகமாகப் பிரிக்க முடியாது. இந்த மூன்று இடத்திலும் உட்கருவிலுள்ள ஒரு மரபணுப் பகுதியையும் சேர்த்துப் பார்ப்பது கட்டாயம்.

நண்டுகளில் இன்னொரு பொறியும் உண்டு. மைட்டோகாண்ட்ரியத் துண்டுகள் பரிணாமப் போக்கில் உட்கருவுக்குள் நகலாகிப் போய், அங்கே வேலையின்றிச் சிதைந்துகொண்டிருக்கும். பிசிஆர் (டிஎன்ஏ துண்டைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் வினை) அசலையும் இந்தப் போலியையும் பிரித்துப் பார்க்காமல் பெருக்கிவிடும். விளைவு, இல்லாத "புதிய இனம்" ஒன்று பிறக்கும். ஒரே இடத்தில் இரட்டை முகடுகள், நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து), மூன்றின் மடங்கில் வராத இடைவெளி ஆகியவை போலிக்கான அடையாளங்கள். அமினோ அமிலமாக மொழிபெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிலும் ஒரு தவறு நடக்கிறது: எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலம் என்று சொல்லும் பொது மரபுக்குறியீட்டை மென்பொருளில் மாற்றாமல் விட்டால், மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேனைக் குறிக்கும் டிஜிஏ எல்லாம் நிறுத்தக் குறியாகத் தெரியும். நல்ல வரிசையைப் போலி என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மென்பொருளின் மரபுக்குறியீட்டுப் பட்டியலில் நண்டு, நத்தை, மட்டிக்கு ஐந்தாம் அட்டவணை. மீன், தவளைக்கு இரண்டாம் அட்டவணை.

கரையில் நடப்பவை

ஃபார்மலினில் ஊறிய மாதிரியைக் கொண்டுவந்து பார்கோடு கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டாக்கி, புரதத்தோடு பின்னி வைத்துவிடும். 658 எழுத்து முழுசாகக் கிடைப்பது அபூர்வம். 95 சதவீத எத்தனால், திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு, மறுநாள் ஒருமுறை மாற்றி ஊற்றுதல். இதைச் செய்தால் போதும். மாற்றாமல் விட்டால் திசுவிலிருக்கும் நீரே எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். நத்தையில் வழவழப்பான சளி பிசிஆரை மறித்துவிடும் என்பதால் பாதத்தில் சிறு துண்டை உள்ளிருந்து எடுப்பது நல்லது.

சூழல் டிஎன்ஏவுக்கு வந்தால் எல்லாமே தலைகீழ். அங்கே ஒரு செதிலுக்கும் குறைவான டிஎன்ஏவைத் தேடுகிறோம். நேற்று வேறு குளத்தில் மிதித்த காலணி, அதே வலை, அதே வாளி எல்லாமே எதிரி. ஒருமுறை நாங்கள் நான்கு இடங்களில் நீர் எடுத்தோம். நான்கிலும் தேடிய மீன் இருந்தது. கூடவே, களத்துக்கு எடுத்துப்போய் அங்கேயே வடிகட்டிய தூய நீர்ப் புட்டியிலும் அது இருந்தது. மீன் நீந்தியது எங்கள் வாளிக்குள் என்று புரிந்தது. ஒரு நாள் உழைப்பு வீண். அந்தத் தூய நீர்ப் புட்டி இல்லையென்றால் நான்கு நீர்நிலைகளின் பெயரைக் கெடுத்திருப்போம்.

ஆற்றில் என்றால் கீழ்நிலையில் தொடங்கி மேல்நோக்கி நகர்ந்தபடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் கலக்கிய நீர் நமக்கு முன்னே போய் நிற்கும். நீரில் இறங்கி நடந்தால் அடிச்சேறு கிளம்பும். சேற்றுக்குள் டிஎன்ஏ மாதக்கணக்கில் தங்கும், எப்போதோ செத்த மீனின் தடயம் இன்றைய மாதிரியில் வந்து சேரும். கருவிகளை ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவுவது நல்ல பழக்கம், ஆனால் நன்றாக அலசாமல் விட்டால் மிச்சமிருக்கும் குளோரின் மாதிரியின் டிஎன்ஏவையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்புறம், பிசிஆர் முடிந்த குழாய்களைத் திறக்கும் அறையில் புதிய நீர் மாதிரியைத் திறக்கவே கூடாது. ஒரு குழாயில் இருப்பது கோடிக்கணக்கான நகல்கள்.

"உண்டு" என்றாலும் "இல்லை" என்றாலும்

நீரில் டிஎன்ஏ கிடைத்தால் அந்த உயிரி அங்கே உயிரோடு இருக்கிறது என்று பொருளாகாது. 2009-ல் சிகாகோ கால்வாய்களில், ஆசியக் கெண்டைகள் பேரேரிகளுக்குள் போகாமலிருக்க அமைத்த மின்தடுப்புக்கு அப்பாலும் அவற்றின் டிஎன்ஏ கிடைத்தது. பெரிய களேபரம், கால்வாய் மதகுகளை மூடச் சொன்ன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஜூனில் கலுமெட் ஏரியில் பெருந்தலைக் கெண்டை ஒன்று பிடிபடவும் செய்தது. ஆனாலும் கிடைத்த டிஎன்ஏ எல்லாம் உயிருள்ள மீனுடையதா என்ற கேள்வி ஓயவில்லை. மீன் தின்னும் பறவைகளின் எச்சம், படகுகளின் அடிப்பாகம், கழிவுநீர் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன. ஆறு தன் பங்குக்கு டிஎன்ஏவைக் கீழே கொண்டுபோகும். சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரியில் வாழும் உயிரிகளின் தடயம், அதிலிருந்து வெளியேறும் ஆற்றில் சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் தொலைவு வரை கிடைத்திருக்கிறது.

"இல்லை" என்ற முடிவில் இன்னும் கவனம் வேண்டும். அரிதாக இருக்கும் ஓர் இனம் ஒரு புட்டியில் அகப்படும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று புட்டி எடுத்தால் மூன்றிலும் தப்பும் வாய்ப்பு 34 சதவீதம். ஒன்பது எடுத்தால் 4 சதவீதம். மூன்று புட்டியோடு வந்துவிட்டு "இந்த ஏரி சுத்தம்" என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள். பருவமும் முக்கியம்: வரிக்குதிரை மட்டி நீர் சூடேறும் காலத்தில்தான் முட்டையும் விந்தும் கொட்டும், குளிரில் தேடினால் தடயம் குறைவு. கடினமான ஓடு போர்த்திய நண்டுகள் மீன்களைப் போல டிஎன்ஏ உதிர்ப்பதில்லை. தேநீர் நிறத்தில் இருக்கும் நீரில் மட்கிய இலைகளின் அமிலங்கள் பிசிஆரையே நிறுத்திவிடும். அப்போது வரும் "இல்லை"க்கு, வினை நடக்கவில்லை என்பதே அர்த்தம். தெரிந்த டிஎன்ஏ ஒன்றைச் சிறிதளவு கலந்து, அதுவாவது பெருகுகிறதா என்று பார்த்தால் உண்மை வெளிவரும். பெருகவில்லையா, பத்துக்கு ஒன்று நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

பிசிஆர் எந்தத் துண்டை நகலெடுக்க வேண்டும் என்று சுட்டும் சிறு டிஎன்ஏ துணுக்குகள்தான் பிரைமர்கள். பல உயிரிகளுக்கும் பொருந்தும் பொதுப் பிரைமர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1994-ல் வந்த ஃபோல்மர் பிரைமர்கள் கையிலிருக்கும் ஒரு நத்தைக்கு அருமையானவை. ஏரி நீரில் போட்டால் பாசியும் பாக்டீரியாவும் வரிசைக் கருவியின் வாசிப்புகளில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், மீனுக்கு மிஞ்சுவது சொற்பம். மீனுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் என்ற மரபணுப் பகுதியின் குறுகிய துண்டு, ஒரே இனத்தைத் தேடுவதென்றால் அதற்கென வடிவமைத்த பிரைமர். அப்படி வடிவமைத்ததை அந்த ஊடுருவியின் டிஎன்ஏவில் மட்டும் சோதித்துவிட்டு மகிழ்வது போதாது. அதே நீரில் வாழும் உள்ளூர் உறவினங்களில் அது பெருகாமல் இருக்கிறதா என்பதே நிஜமான தேர்வு. வாசிப்பு எண்ணிக்கையை உயிரிகளின் எண்ணிக்கையாக எண்ணுவதும் வேண்டாம்.

ஆக, முதல்முறையாக "உண்டு" என்று வந்தால் அறிக்கைக்கு முன் இன்னொரு பயணம் போக வேண்டும்: புதிய புட்டிகள், புதிய கையுறைகள், முடிந்தால் வேறொரு மரபணுப் பகுதி, கூடவே வலையும் பொறியும். உயிரி கையில் சிக்கினால் திசு எடுத்த பிறகு உடலைத் தூக்கி எறியாதீர்கள்; நாளைக்குப் பெயர் மாறினாலும் திறந்து பார்க்க அது இருக்க வேண்டும். இடம், தேதி, பிடித்தவர் விவரத்தைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.