யாழ்ப்பாணத்தில் மண்டபம் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்களைப் பற்றி எழுதப்போவதில்லை. சொக்லேட் எத்தனை கிலோ, சென்ட் போத்தல் யார் யாருக்கு என்பதெல்லாம் உங்களுக்கே பாடம். விமானம் ஏறுமுன் வாட்ஸ்அப்பில் யாராவது "நீ வாற நேரம் நல்ல மண்டபமாப் பாத்து எடுத்துச் செய்வம்" என்றால் மட்டும் உடனே ஓமென்று சொல்லிவிடாதீர்கள்.

என்னிடம் கேட்டது அக்கா, பெரியம்மாவின் மகள். அவவின் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். "பள்ளிக்கூட மண்டபத்தில செய்தால் சனம் என்ன சொல்லும்? நீங்கள் கனடாவில எல்லோ இருக்கிறியள்" என்றா. கடைசி வசனத்துக்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

மண்டபம் என்றதும் இப்போது எல்லோர் வாயிலும் முதலில் வருவது கலாசார மையம். நூலகத்துக்கு அருகே, புல்லுக்குளக் கரையில் நிற்கும் அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தை நீங்கள் தவறவிட முடியாது. நாங்கள் வெளிக்கிட்ட காலத்தில் அந்தப் பக்கம் அந்த உயரத்தில் எதுவும் இருந்ததில்லை. 2015 மார்ச்சில் மோடி வந்தபோது அடிக்கல் நாட்டினார். இந்தியா ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, இரண்டு தளங்களில் அருங்காட்சியகம், வெளியே மேடையாகவும் பயன்படக்கூடிய திறந்த சதுக்கம் என்று எல்லாம் ஒரே வளவில். கட்டி முடித்த பிறகும் கொஞ்சக் காலம் சும்மா கிடந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தின் பராமரிப்புச் செலவை மாநகரசபை எப்படித் தாங்கும் என்ற கேள்விதான் அதற்குப் பெரிய காரணம். 2022 மார்ச்சில் இணையவழியாக ஒருமுறை திறந்தார்கள். 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிப்பதாக இன்னொரு விழா நடந்தது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் வைத்தார்கள். யாழ்ப்பாணம் எங்கே போனது என்று ஊர் கேட்க, அதையும் முன்னால் சேர்த்தார்கள். நீங்கள் ஓட்டோக்காரரிடம் இந்தப் பெயர் எதையும் சொல்லத் தேவையில்லை. லைப்ரரியடி என்றால் போதும்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அந்த உயரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சுற்றி நடந்து பாருங்கள். ஊர் கூடுகிற இடங்கள் எல்லாம் நூறு வருடமாக அந்த ஒரு துண்டு நிலத்தில்தான் இருக்கின்றன. வீரசிங்கம் மண்டபம் அங்கேதான். கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய ஒரு மனிதரின் பெயர் அது. 1974 ஜனவரி 10இல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள் கூட்டம் அங்கே நடந்தது. உள்ளே இடம் போதாமல் சனம் வெளியே நிறைந்திருந்தபோது பொலிஸ் புகுந்தது, மின்கம்பி அறுந்து விழுந்தது, உயிர்கள் போயின. அவர்களுக்கான நினைவுத் தூண்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஐந்து நிமிடம் அங்கே நின்று சொல்லுங்கள். 1981இல் எரித்த நூலகத்தைப் பற்றி அவர்கள் எப்படியும் கேட்பார்கள், இதைக் கேட்கமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் ரீகல் தியேட்டரும் இருந்தது. இங்கிலிஸ் படம் பார்க்க அங்கேதான் போவோம். வின்சர், வெலிங்டன், ராணி, லிடோ என்று நகரம் முழுக்கத் தியேட்டராக இருந்த காலம். இப்போது இளம் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு என்றால் ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் வந்த கார்கில்ஸ் சதுக்கம். கீழே சுப்பர்மார்க்கட், கேஎஃப்சி, மேலே சினிமா. அங்கே போய் "முந்தி இதில என்ன இருந்தது தெரியுமோ" என்று தொடங்காதீர்கள். மருமக்கள் மரியாதைக்குக் கேட்பார்கள், கண் கைத்தொலைபேசியில் இருக்கும்.

சரி, மண்டபத்துக்கு வருவோம். நான் அலைந்தது கலாசார மையமும் அல்ல, வீரசிங்கமும் அல்ல. எது என்று சொல்லப்போவதில்லை, ஊர் சின்னது.

கந்தோருக்குப் போனதும் கிளாக்கர் முதலில் கேட்டது தேசிய அடையாள அட்டை. என்னிடம் இருந்தது கனடாக் கடவுச்சீட்டு. வெளிநாட்டவர் விண்ணப்பிக்க முடியாது, இங்கே வதிபவர்தான் போடவேண்டும் என்றார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவின் அட்டையில் இருந்தது இடம்பெயர்ந்து இருந்த காலத்து விலாசம். அப்போ விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கடிதம் வேண்டும். விதானையார் காலையில் ஒரு கொஞ்ச நேரம்தான் கந்தோரில் இருப்பார், அன்றைக்கு வெளிவேலை. அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. கடிதத்தோடு போனால் நிகழ்ச்சி நிரல் எங்கே என்றார்கள். நிரலில் பிரதம விருந்தினர் பெயர் வேண்டும் என்றார்கள். அதற்காக வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. அக்கா பேராசிரியரை அழைக்கவேண்டும் என்றா, அத்தான் தன்னுடைய பழைய அதிபரை விட முடியாது என்றார். நடனம் ஆடப்போகிற பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை.

வைப்புப் பணமும் கட்டி, அழைப்பிதழும் அடித்து, மிருதங்கக்காரர் சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு டிக்கெட்டும் போட்ட பிறகு தொலைபேசி வந்தது. அன்றைக்கு அமைச்சர் ஒருவரின் கூட்டமாம், மண்டபம் தர முடியாதாம், மறுநாள் எடுத்துக்கொள்ளலாமாம். மறுநாள் காலை மட்டும்தான். காலையில் அரங்கேற்றத்துக்கு யார் வருவார்கள்? நான் நேரே போய் மேசைக்கு முன்னால் நின்று கத்தத் தொடங்கினேன். சேர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள்.

அந்தக் கிளாக்கருக்கு என் வயதுதான் இருக்கும். தேத்தண்ணி எடுப்பித்துத் தந்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தனக்கும் அதற்குப் பக்கத்து ஊர்தான் என்றார். "தொண்ணூற்றைந்து இடப்பெயர்வுக்கு எந்தப் பக்கத்தால போனீங்கள்? நாங்கள் நாவற்குழியால மழைக்குள்ள நடந்தனாங்கள். அம்மாவைக் கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு." கோபமாகக் கேட்கவில்லை, கதை கொடுக்கத்தான் கேட்டார். நான் அப்போது ஸ்காபரோவில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை. அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மண்டபத்தைப் பற்றி அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. காலைக்கே ஓமென்று கையெழுத்து வைத்தோம். அழைப்பிதழ்களில் திகதிக்கு மேல் சின்ன ஸ்ரிக்கர் ஒட்டினோம், இரவு முழுக்க.

பிள்ளை நன்றாக ஆடினாள். வர்ணம் முடியும்வரை கூட்டமும் இருந்தது. அதற்காகக் காரைநகர்ச் சித்தியிடம் போகவேண்டிய நாள்கள் எல்லாம் கந்தோரில் கரைந்தன. கடைசியில் விமான நிலையத்துக்குப் போகும் வானை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் சித்தியைப் பார்த்தேன். சோறு சமைத்து வைத்திருந்தா.

ஆகவே, மண்டபம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் சில விஷயங்கள். விண்ணப்பம் முதல் நாளிலிருந்தே அங்கே வதிகிறவரின் பெயரில் போகட்டும், நீங்கள் காசோடு மட்டும் நில்லுங்கள். போயா நாள்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வையுங்கள், அன்றைக்கு ஒரு கந்தோரும் திறவாது. நல்லூர்க் கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளைக்கு ஊரின் கவனம் வேறு எதிலும் இராது, அறைகளும் கிடையாது. ஜனவரியில் கோட்டையடி முற்றவெளி மைதானப் பக்கம் வர்த்தகக் கண்காட்சி, மார்ச்சில் மத்திய கல்லூரி மைதானத்தில் பரியோவான் கல்லூரியுடனான கிரிக்கெட் பெரும்போட்டி. அந்த நாள்களில் வாகனம் நிறுத்த இடம் தேடியே உங்கள் விருந்தினர் களைத்துவிடுவார்கள். ஜெனரேற்றருக்கும் ஏசிக்கும் தனிக் கணக்கு என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

திறந்தவெளியில் பெரிதாகச் செய்வோம் என்று யாராவது ஆசை காட்டினால் 2024 பெப்ரவரியை நினைவூட்டுங்கள். முற்றவெளியில் தென்னிந்தியப் பாடகரின் இசை நிகழ்ச்சிக்கு வந்த சனம் தடுப்புகளைத் தாண்டிப் பாய்ந்ததில் நிகழ்ச்சியே இடையில் நின்றது. காசு கொடுத்து முன்வரிசை எடுத்தவர்கள் பலர் எங்களைப்போல வெளியிலிருந்து போனவர்கள்.

சும்மா பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இந்தத் தலையிடி ஒன்றுமில்லை. வெயில் தாழ்ந்த பிறகு நூலகத்தடியில் இறங்கி, குளத்தைச் சுற்றிக் கோட்டைப் பக்கம் நடந்தால் ஒரு பின்னேரம் நன்றாகப் போகும்.

கடைசியாக ஒன்று: எங்கள் வைப்புப் பணத்தைத் திருப்பித் தரக் காசோலை எழுதிவிட்டார்கள். விண்ணப்பம் அக்காவின் பெயரில், காசோலை என் பெயரில். எனக்கு அங்கே வங்கிக் கணக்கு இல்லை, இங்கே அதை ஒரு வங்கியும் வாங்காது. ஆறு மாதத்தில் காலாவதி. படிவத்தில் காசு யாருக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு வரி இருக்கும், அதில் அக்காவின் கணக்கு இலக்கத்தைப் போடுவித்துவிட்டு வெளியே வாருங்கள்.