ஆஃப்ஷோர் பிளாட்ஃபார்மில் ஷிப்ட் மாறும்போது எதைப் பார்க்க வேண்டும்

மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் முதல் தடவையாக வேலைக்கு வரும் தம்பிகள் ஹெலிகாப்டரைப் பற்றியும் அலையைப் பற்றியும்தான் கேட்பார்கள். எனக்குப் பயம் ஷிப்ட் மாறும் நேரத்தில்தான். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவர் படுக்கப் போகும் அவசரத்தில் இருப்பார். வருகிறவருக்குத் தூக்கமே கலைந்திருக்காது.

வட கடலில் 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம் எரிந்து 167 பேர் இறந்தார்கள். பகலில் ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றி, குழாய் வாயைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். அந்தத் தகவல் ராத்திரி ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். கேஸ் கசிந்து தீப்பிடித்தது.

அதனால் கால்மணி நேரம் முன்னாடியே வந்து பெர்மிட்டுகளை, அதாவது வேலைக்கு அனுமதி தரும் தாள்களைப் படியுங்கள். நடக்கிற வேலைக்கான பெர்மிட் மட்டும் போதாது, பாதியில் நிறுத்தி வைத்ததையும் கேட்டு வாங்குங்கள். பிறகு பழைய ஷிப்ட் ஆளோடு அந்த இடத்துக்கே நடந்து போங்கள். யாரும் ஓட்டிவிடாதபடி போட்ட பூட்டில் தொங்கும் டேக் நம்பரும் பெர்மிட்டில் உள்ள நம்பரும் ஒன்றுதானா? குழாய் வாயை மூடும் தகடான பிளைண்ட் ஃபிளேஞ்சில் எல்லா போல்ட்டும் இருக்கிறதா? போகிற வழியில் தரையில் போட்ட கம்பித் தட்டி (கிரேட்டிங்) எங்காவது திறந்திருக்கிறதா, தலைக்கு மேலே ஸ்பேனர் எதுவும் மறந்து கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஹெச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு) உள்ள கிணறு என்றால் மூக்கை நம்பவே கூடாது. அழுகிய முட்டை நாற்றம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் தெரியும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) வாக்கில் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பீர்கள், கேஸ் அங்கேயே இருக்கும். கேஸ் டிடெக்டரை பேண்ட் பாக்கெட்டில் போடாமல் சட்டைக் காலர் பக்கம் மாட்டுங்கள். அது கத்தினால் எஸ்கேப் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு காற்று வீசும் திசையைக் காட்டும் விண்ட்சாக்கைப் பாருங்கள். குறுக்கே விலகி, காற்று வரும் பக்கம் போங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கீழ் டெக்கில் தேங்கும், அங்கே இறங்காதீர்கள். கூட்டாளி விழுந்து கிடந்தாலும் மூச்சுக்கருவி இல்லாமல் ஓடாதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் காப்பாற்றப் போனவரும் பக்கத்திலேயே விழுவார்.

லாக்புக்கில் 'எல்லாம் நார்மல்' என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய ஷிப்ட் ஆள் சாப்பிட உட்கார்ந்திருந்தாலும் கூப்பிட்டு, எதைத் திறந்தீர்கள், எதை மூடினீர்கள் என்று கேளுங்கள்.