சிலைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள்: கால்பந்து கிளப் தன் பழைய ஆட்களை எப்படிக் கௌரவிப்பது

கிளப்புக்கு ஐம்பது, நூறு என்று வயது நெருங்கும்போது கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர் "ஒரு சிலை வைத்துவிடலாமே" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். எந்தச் சிற்பி, எவ்வளவு ஆகும், திறந்து வைக்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடிவிடும். யாருக்கு, எதற்கு என்ற கேள்வி டீ குடித்து முடித்த பிறகுதான் வரும். கிளப்பின் பழைய பதிவேடுகளையும் படங்களையும் பார்த்துக்கொள்கிறவன் நான். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டிவிடுவேன். "இவர் நமக்கு என்ன செய்தார்? ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்." 'ஜாம்பவான்', 'சகாப்தம்', 'ஈடு இணையற்ற' இவற்றுக்கெல்லாம் அனுமதி கிடையாது.

வாக்கியம் வந்துவிட்டால் வடிவம் தானாக வரும். லிவர்பூல் மைதானத்துக்கு வெளியே 1997-இல் வைத்த, பழைய மேனேஜர் பில் ஷாங்க்லி சிலையின் பீடத்தில் கோப்பைக் கணக்கு ஏதுமில்லை. 'மக்களை மகிழ வைத்தவர்' என்று மட்டும் இருக்கிறது. பிரஸ்டன் நார்த் எண்ட் கிளப் 2004-இல் டாம் ஃபின்னிக்கு வைத்த சிலை இன்னொரு மாதிரி. 1956-இல் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் அவர் பந்தோடு சறுக்கிச் செல்ல, நீர் விசிறிபோலத் தெறிக்கும் புகைப்படம் ஒன்று பிரபலம். சிற்பி அந்த நொடியையே எடுத்துக்கொண்டு நீரூற்றுக்கு நடுவே வைத்துவிட்டார். ஃபின்னியை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்கும் ஆள் எப்படி ஆடியிருப்பார் என்று புரிகிறது. பந்தை மிதித்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் சிலையில் முகத்தை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

யாரை விட்டுவிட்டோம்?

அதிகக் கோல் அடித்தவரை யாரும் மறக்கப்போவதில்லை. உங்கள் உழைப்பு தேவைப்படுவது மறந்துபோனவர்களுக்கு.

பேயர்ன் மியூனிக் கதையைப் பாருங்கள். அந்த கிளப் முதல்முறை ஜெர்மன் சாம்பியன் ஆனது 1932-இல். அப்போதைய தலைவர் குர்ட் லாண்டாவர், யூதர். அடுத்த ஆண்டு நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவியை விட வேண்டியதாயிற்று. 1938-இல் டாகாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். பிறகு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். போர் முடிந்து 1947-இல் திரும்பி வந்து மறுபடி அதே கிளப்புக்குத் தலைவரானார். இப்படிப்பட்ட மனிதரின் பெயர் அவர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் அதிகம் உச்சரிக்கப்படவே இல்லை. அதைத் தூசி தட்டி எடுத்ததில் பெரும்பங்கு ஷிக்கேரியா என்ற ரசிகர் குழுவுக்கு. கிளப் 2013-இல் அவரைக் கௌரவத் தலைவராக அறிவித்தது, 2019-இல் பயிற்சி மைதானத்தில் சிலை வைத்தது. ஆகவே கமிட்டியில் ஒரு நாற்காலியை ரசிகர்களுக்குக் கொடுங்கள். நிர்வாகத்துக்கு மறதி வரும் இடத்தில் அவர்களுக்கு வருவதில்லை.

சிறிய கிளப்புகளும் இதைச் செய்திருக்கின்றன. நார்தாம்ப்டன் டவுன் கிளப்பில் ஆடிய வால்டர் டல், பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரிகளில் ஒருவர். 1918 மார்ச்சில் போர்முனையில் இறந்தார், உடல் கிடைக்கவில்லை. அதாவது போய் நிற்க ஒரு கல்லறைகூட இல்லை. அவருக்கான நினைவுச்சின்னத்தை 1999-இல் கிளப்பின் மைதானத்துக்குப் பக்கத்திலேயே எழுப்பினார்கள்.

உங்கள் கிளப்பில் அப்படி யார் இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழுப்படங்களிலிருந்து தொடங்குங்கள். நான் ஒரு படத்தை எடுத்தால் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பேன். நடுவில் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்களின் பெயர் எல்லா இடத்திலும் இருக்கும். ஓரத்தில், கோட்டுப் பொத்தானை அரைகுறையாகப் போட்டுக்கொண்டு, கையில் வாளியும் தோளில் துண்டுமாக ஒருவர் நிற்பார். அடிபட்டவரிடம் ஓடுகிறவர் அவர். படத்தைத் திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் பெயர்கள் இருக்கும். அவர் இடத்தில் ஒரு கோடோ கேள்விக்குறியோ இருக்கும். அந்தக் கேள்விக்குறிதான் உங்கள் வேலை. நிறைய படங்களில் பதினொரு ஆட்டக்காரர்களும் மாறிக்கொண்டே இருக்க, இந்த வாளிக்காரர் மட்டும் அதே இடத்தில் நரைத்துக்கொண்டே வருவார்.

பிறகு அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து வயதான உறுப்பினர்களிடம் கொண்டுபோங்கள். கேள்விப் பட்டியலோடு போனால் "ஞாபகம் இல்லையே தம்பி" என்று முடித்துவிடுவார்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் பேச்சு தானே வரும். கேட்ட பெயரை உடனே எழுதிவிடாமல், நிர்வாகக் கூட்டக் குறிப்பு, ஆட்ட நாள் கையேடு, பழைய செய்தித்தாள் இவற்றில் ஏதாவது ஒன்றோடு ஒத்துப்பாருங்கள். ஒரே பெயரில் அண்ணன் தம்பி, மாமன் மருமகன் என்று இரண்டு பேர் ஆடியிருப்பது சகஜம்.

பெண்கள் அணியின் வரலாற்றைத் தேடும்போது கிளப் அலமாரி காலியாக இருந்தால் 'அப்போது பெண்கள் ஆடவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921 டிசம்பரில் தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடுத்தது. அந்தத் தடை விலக சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆயின. மைதானத்துக்குள்ளேயே விடாதவர்களின் படம் அந்த மைதானத்தின் அலமாரியில் எப்படி இருக்கும்? வீட்டு ஆல்பங்களில் தேடுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே

இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பாதியை ஆள் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆர்சனல் கிளப் 2011 டிசம்பரில் தியெரி ஆன்ரிக்குச் சிலை திறந்தது. அவர் நேரில் வந்து கண்கலங்கினார். வேடிக்கை என்னவென்றால், ஒரே மாதத்தில் அவர் தற்காலிக ஒப்பந்தத்தில் அதே கிளப்புக்குத் திரும்பி வந்து லீட்ஸுக்கு எதிராகக் கோலும் போட்டார். வெளியே வெண்கலத்தில் ஒருவர், உள்ளே ரத்தமும் சதையுமாக அவரே.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்வீடனின் மால்மோ நகரில், அங்குள்ள கிளப்பில் ஆடத் தொடங்கிய ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சுக்கு 2019 அக்டோபரில் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே அவர் அந்த கிளப்போடு போட்டியிடும் ஹம்மார்பி கிளப்பில் பங்கு வாங்கினார். மால்மோ ரசிகர்கள் கொதித்தார்கள். சிலையின் மூக்கை அறுத்தார்கள், 2020 ஜனவரியில் சிலையையே தள்ளிவிட்டார்கள். அதனால் என் யோசனை இது: ஆட்டத்தை விட்டுச் சில ஆண்டுகள் கழியட்டும், ஆனால் சாவுச் செய்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு இடையில் ஆண்டுச் சீட்டு ஒன்று, பிறந்தநாளில் ஒரு போன், உடம்பு முடியாதபோது வண்டி ஏற்பாடு. இவையும் கௌரவம்தான்; பெரும்பாலான பழைய ஆட்டக்காரர்களுக்கு இதுவே பெரிது. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் ஜெஃப் ஆஸ்ல் 2002-இல் 59 வயதில் இறந்தபோது, பந்தைத் தலையால் முட்டி முட்டி மூளை பாதிக்கப்பட்டதே காரணம், இது தொழில்சார் நோய் என்று விசாரணையில் தீர்ப்பானது. அடுத்த ஆண்டு அவர் பெயரில் மைதானத்துக்கு வாசல் கட்டினார்கள். அழகான வாசல். ஆனாலும் உங்கள் கிளப்பின் பழைய முன்வரிசை ஆட்டக்காரர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு வாசலைப் பற்றி யோசியுங்கள்.

சரி, சிலைதான் என்று முடிவாகிவிட்டதா?

அப்படியானால் சவுத்தாம்ப்டனை மறக்காதீர்கள். டெட் பேட்ஸ் அங்கே ஆட்டக்காரர், மேனேஜர், இயக்குநர், தலைவர் என்று வாழ்நாளையே கொடுத்தவர். 2007-இல் அவர் சிலையைத் திறந்தபோது உடலும் கை கால்களும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. முகமோ, பரம வைரியான போர்ட்ஸ்மவுத்தின் முன்னாள் தலைவர் மிலன் மண்டாரிச்சைப் போல இருக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் சிலையை இறக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு வேறு சிற்பி செய்த புதுச் சிலை வந்தது. மான்செஸ்டர் சிட்டி 2022-இல் செர்ஹியோ அகுவேரோவுக்கு வைத்த சிலையைப் பார்த்து, இது ஜெர்மன் ஆட்டக்காரர் டோனி குரோஸ் அல்லவா என்று உலகமே கேலி செய்தது, குரோஸும் சேர்ந்துகொண்டார்.

இதைத் தவிர்க்கும் இடம், வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் சிற்பி களிமண்ணில் செய்யும் உருவம். வார்ப்புக்குப் போன பிறகு எதையும் திருத்த முடியாது. களிமண் நிலையில் குடும்பத்தாரில் ஒருவர், கூட ஆடியவர் ஒருவர், தினமும் கேலரியில் உட்கார்ந்து பார்த்த ரசிகர் ஒருவர், மூவரையும் சிற்பியின் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். படம் அனுப்பிக் கருத்துக் கேட்பது போதாது. பீடத்தில் ஏறியதும் மக்கள் கீழிருந்துதான் பார்ப்பார்கள், எனவே தரையில் குந்தி அண்ணாந்து பாருங்கள். தாடையும் மூக்குத் துவாரமும் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். பின்னாலும் போய்ப் பாருங்கள். ஒரு ஆட்டக்காரரை ரசிகர்கள் அடையாளம் காண்பது பாதி நேரம் முதுகையும் நடையையும் வைத்துத்தான். பழைய ஆள் என்றால் காலணி, பந்து, கால்சட்டை நீளம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

பலகையில் முழுப்பெயர், கூப்பிட்ட பெயர், ஆடிய ஆண்டுகள், முதலில் எழுதிய அந்த ஒரு வாக்கியம். போதும். திறந்து வைத்தவரின் பெயர் அவருடைய பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

ஜெர்சி எண்

ஒருவர் போட்ட எண்ணை இனி யாருக்கும் தராமல் அதற்கு ஓய்வு கொடுப்பது பழைய வழக்கமில்லை. அன்றன்று களமிறங்குபவர்கள் ஒன்றிலிருந்து பதினொன்று வரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது முடியவே முடியாது. ஆளுக்கு ஒரு நிரந்தர எண் என்பது இங்கிலாந்து பிரீமியர் லீகில் 1993-இலும் இத்தாலியில் 1995-இலும் வந்தது. அதன் பிறகுதான் நாப்போலி மரடோனாவின் 10-ஐயும், அஜாக்ஸ் க்ரைஃபின் 14-ஐயும் எடுத்து வைத்தன. ஸ்பெயினில் முதல் அணிக்கு 1 முதல் 25 வரைதான் எண்கள் என்பதால் அங்கே இதற்கு வழியே இல்லை. முதலில் உங்கள் லீக் விதியைப் படியுங்கள்.

எனக்கு இந்த வழக்கத்தில் பெரிய பிடிப்பு இல்லை. அகாடமியில் சேரும் பிள்ளை கனவு காண்பதே அந்த எண்ணுக்காகத்தான். ஏசி மிலான் பாவ்லோ மால்டினியின் 3-ஐ எடுத்து வைத்தாலும், அவர் மகன் முதல் அணிக்கு வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. என்னைக் கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். எண்ணைக் கொடுக்கும்போது முன்னால் போட்டவர்களின் பெயர்களைக் கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம் தைத்துக் கொடுங்கள். எண்ணை வேறு இடத்தில் வாழ வைக்கவும் வழி உண்டு. பேயர்ன் மியூனிக் ஸ்டேடியத்தின் இப்போதைய முகவரி ஃப்ரான்ஸ் பெக்கன்பவர் சதுக்கம், எண் 5. அவர் போட்ட எண்.

ஆண்டுக்கு ஒரு முறை

பணமே இல்லாத கிளப்பும் செய்யக்கூடியது, நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது, இதுதான். 1949 மே 4-ஆம் தேதி இத்தாலியின் டோரினோ அணி வந்த விமானம் சூபெர்கா குன்றில் மோதி 31 பேர் இறந்தார்கள். இன்றும் மே 4 அன்று அணி குன்றேறுகிறது. கேப்டன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். போன மாதம் ஒப்பந்தமான வெளிநாட்டு ஆட்டக்காரனும் அதைக் கேட்டாக வேண்டும். கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப், ஏறக்குறைய எல்லாரும் வெறுங்காலில் ஆடிய தன் அணி 1911 ஜூலை 29-இல் ஆங்கிலேய ராணுவ அணியை வென்ற நாளையே கிளப் நாளாக்கி, அன்று பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர் ஒருவருக்கு விருது தருகிறது. ரியல் மாட்ரிட் ரசிகர்களுக்கு நாள்கூட வேண்டாம். 1992-இல் கார் விபத்தில் இறந்த 7-ஆம் எண் ஹுவானிட்டோவின் பெயரை ஆட்டத்தின் ஏழாவது நிமிடத்தில் பாடுகிறார்கள்.

செய்முறை எளிது. நிலையான ஒரு தேதியைப் பிடியுங்கள். வாசிக்கும் பட்டியலைப் பெரிய எழுத்தில் அடித்து, கடினமான பெயர்களை உச்சரிக்கும்படி பிரித்து எழுதி, முந்தின நாளே வாசிப்பவர் கையில் கொடுங்கள். மௌன அஞ்சலி என்றால் தொடக்கமும் முடிவும் நடுவரின் விசில். அறிவிப்பாளர் பேச்சை இரண்டு வாக்கியத்தில் முடிக்க வேண்டும். எதிரணி கிளப்புக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மான்செஸ்டர் யுனைடெட் அணி வந்த விமானம் 1958-இல் மியூனிக்கில் விபத்துக்குள்ளானது. 2008 பிப்ரவரியில், அதன் ஐம்பதாம் ஆண்டு ஆட்டம் யுனைடெட்டுக்கு வாய்த்தது அதே ஊர்ப் பரம வைரியான சிட்டிக்கு எதிராக. சிட்டி ரசிகர்கள் மௌனத்தைக் குலைப்பார்களோ என்று எல்லாருக்கும் பயம். அந்த விபத்தில் சிட்டியின் பழைய கோல்கீப்பர் ஃப்ராங்க் ஸ்விஃப்டும் இறந்திருந்தார். மௌனம் முழுதாகக் காக்கப்பட்டது. இரைச்சல் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் மௌனத்துக்குப் பதில் கைதட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் அஸ்தியை மைதானத்தில் தூவக் கேட்டுக் குடும்பத்தார் வருவார்கள். புல்லுக்குக் கெடுதல், ஒரு ஓரத்தில் சிறு தோட்டம் ஒதுக்கிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

கடைசியாகக் காகித வேலை. மைதானம் மாறினால், ஸ்டாண்டுக்கு விளம்பரதாரர் பெயர் வந்தால், இந்தச் சிலையும் பலகையும் பெயரும் என்னவாகும் என்பதைத் தீர்மானமாக எழுதிக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். வெண்கலத்தை ஆண்டுக்கு ஒருமுறை கழுவி மெழுகு பூசுவது யார் பொறுப்பு, சிற்பியின் தொலைபேசி எண், அச்சு யாரிடம் இருக்கிறது, படத்துக்கு அனுமதி தந்த குடும்பத்தாரின் கடிதம், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். கோப்பின் பிரதி ஒன்று செயலாளர் வீட்டில் இல்லாமல் கிளப் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். செயலாளர்கள் மாறும்போது கோப்புகள் கூடவே போய்விடும்.