கிரனாடாவில் இரண்டு இரவு: மாணவர் குழுவை அழைத்துப் போகிறவர்களுக்கு

தென் ஸ்பெயினின் கிரனாடாவுக்கு வார இறுதியில் நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்கள் வழக்கமாக முதலில் பஸ் டிக்கெட் போடுவார்கள், பிறகு ஹாஸ்டல் பிடிப்பார்கள், கடைசியாக, ஊரின் புகழ்பெற்ற அல்ஹம்பிரா கோட்டைக்கு டிக்கெட் விற்கும் இணையப் பக்கத்தைத் திறப்பார்கள். அங்கே அந்தச் சனி, ஞாயிறு இரண்டுமே விற்றுத் தீர்ந்திருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதி வேலை முடிந்தது. முதலில் அல்ஹம்பிரா டிக்கெட். அது எந்த நாள், எந்த நேரம் கிடைக்கிறதோ அதற்கேற்ப மற்ற எல்லாம்.

(ஸ்பானிய மொழியில் h என்ற எழுத்து ஒலிக்காது. பஸ் ஓட்டுநரிடம் 'அலாம்ப்ரா' என்றே சொல்லுங்கள்.)

டிக்கெட் வாங்குவது

அல்ஹம்பிரா ஒரே கட்டடமல்ல, குன்றின் மேல் ஒரு கோட்டை நகரம். 1238இல் கிரனாடாவை ஆண்ட நஸ்ரி என்ற முஸ்லிம் வம்சத்தின் முதல் சுல்தான் முகம்மது கட்டத் தொடங்கினார். 1492 ஜனவரி 2ஆம் தேதி கடைசி சுல்தான் போஅப்தில் அதை ஸ்பெயினின் கிறிஸ்தவ அரச தம்பதியான இசபெல்லா, பெர்தினாந்திடம் ஒப்படைத்தார். உள்ளே மூன்று முக்கியப் பகுதிகள்: அல்காசாபா என்ற படைக்கோட்டை, ஹெனராலிஃபே தோட்டங்கள், நஸ்ரி அரண்மனைகள். எல்லோரும் பார்க்க வருவது மூன்றாவதை. அதன் கூடங்கள் சிறியவை என்பதால் அரை மணிக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். உங்கள் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் அந்த அரண்மனை வாசலுக்கான நேரம், வெளிக் கேட்டுக்கானது அல்ல. குழுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

'பொது' டிக்கெட்டில் மூன்றும் அடங்கும். மலிவாகத் தெரியும் 'தோட்டங்கள்' டிக்கெட்டில் நஸ்ரி அரண்மனைகள் இல்லை. அவசரத்தில் அதை வாங்கிவிட்டு வாசலில் நிற்காதீர்கள். பொது டிக்கெட் சுமார் 20 யூரோ. அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் வழிகாட்டியைச் சேர்த்து இரண்டு, மூன்று மடங்கு கேட்கும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் போவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே வாங்குவது நல்லது. தேதி மாறாது, பணம் திரும்பாது என்று எண்ணியே வாங்குங்கள். அதனால் 'வரலாம்னு நினைக்கிறேன்' என்று சொல்பவருக்குப் பணம் கைக்கு வரும் வரை டிக்கெட் போட வேண்டாம்.

டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். அரண்மனை வாசலில் அசல் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், போனில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. அப்படியானால் பெயரையே இரண்டு கட்டங்களிலும் இடுங்கள். இன்ஷியலை மட்டும் போடுவதைத் தவிருங்கள். எண்ணில் பிழை வராமல் இருப்பது பெயரை விட முக்கியம். எனவே ஒருவரே எல்லோருடைய பாஸ்போர்ட் முன்பக்கப் படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் போட்டு முடிக்கட்டும். இளைஞர் சலுகை கேட்பவர்கள் அதற்கான அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டை எல்லா இடத்திலும் எடுபடாது.

விற்றுத் தீர்ந்துவிட்டதா? இரண்டு வழிகள் உண்டு. பல நினைவிடங்களைச் சேர்த்து விற்கும் கிரனாடா கார்டில் சில சமயம் இடம் இருக்கும். அல்லது நஸ்ரி அரண்மனைகளுக்கான இரவு டிக்கெட். இரவில் கூட்டம் குறைவு, விளக்கொளியில் சுதைவேலை நன்றாக எடுப்பாகத் தெரியும். ஆனால் வெளிக் காட்சி எதுவும் கிடைக்காது.

எந்த வார இறுதியைத் தவிர்ப்பது

டிசம்பர் 6, 8 இரண்டும் ஸ்பெயினில் விடுமுறை. அதை ஒட்டி நாடே ஊர் சுற்றக் கிளம்பும். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பவனிகளால் தெருக்கள் அடைபடும், அறை வாடகை ஏறும். ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் என்பதால் ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குப் பக்கம் இறங்கும். தென் ஸ்பெயின்தானே என்று மெல்லிய ஜாக்கெட்டோடு போனால் நடுங்க வேண்டியதுதான்.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

மத்ரித்திலிருந்து பஸ்ஸில் சுமார் 5 மணி நேரம், அதிவேக ரயிலில் மூன்றரை மணி அளவு. செவில்லிலிருந்து பஸ்ஸில் 3 மணி, மாலகாவிலிருந்து இரண்டுக்குள். பஸ் மலிவு, ரயில் முன்கூட்டிப் போட்டால் மட்டுமே கட்டுப்படியாகும். ஞாயிறு மாலை திரும்பும் பஸ்களை ஊருக்குப் போய்வரும் மாணவர்களே நிரப்பிவிடுவார்கள், ஆகவே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள். பஸ் நிலையம் மையத்திலிருந்து 3 கி.மீ. வடக்கே இருக்கிறது. நகரப் பேருந்து 33 மையத்துக்குப் போகும். டாக்சியில் நான்கு பேர்தான். எட்டுப் பேர் என்றால் இரண்டு டாக்சி, ஏழு என்றாலும் இரண்டுதான்.

குழு ஆறிலிருந்து எட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எந்த பாரிலும் ஒரே மேசை கிடைக்காது, ஒருவருக்காக இன்னொருவர் காத்திருப்பதிலேயே நாள் போய்விடும்.

அறையை மையத்திலோ அதை ஒட்டிய ரெயலேஹோ பகுதியிலோ பிடியுங்கள். படத்தில் அழகாகத் தெரியும் அல்பைசின் குன்று தங்குவதற்குச் சிரமம். அதன் சந்துகள் செங்குத்தானவை, கூழாங்கல் பதித்தவை. சக்கரப் பெட்டியை இழுக்க முடியாது, வாசல் வரை டாக்சி வராது. எங்கே தங்கினாலும் முதுகுப் பைதான் சரி, ரப்பர் அடியுள்ள செருப்போ ஷூவோ தான் சரி. மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும்.

சனிக்கிழமை: குன்றின் மேல்

டிக்கெட் 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு அறையை விட்டுக் கிளம்புங்கள். பிளாசா நுவேவாவிலிருந்து கோமேரெஸ் ஏற்றத்தில் நடந்தால் நீதி வாயிலுக்கு 20 நிமிடம். பிளாசா இசபெல் லா கத்தோலிகாவிலிருந்து சி30 சிற்றுந்தும் உண்டு. ஆனால் சிற்றுந்து சிறியது. எட்டுப் பேரும் ஒன்றாக ஏற முடியாமல் போவது சகஜம்.

காலை எட்டரைக்குத் திறந்ததும் மேலே உள்ள முதன்மை வாசல் வழியாகப் போய், அருகில் இருக்கும் ஹெனராலிஃபேயை முதலில் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து நஸ்ரி அரண்மனை வாசல் வளாகத்தின் மறுமுனையில், கால் மணி நேர நடை. 9:35க்குத் தோட்டத்தை விட்டு வெளியேறிவிடுங்கள், யார் எங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி. வழியில் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அரை மணி இடைவெளி கடந்து வருபவரை விட மாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. தாமதமாகும் நண்பருக்காக மற்றவர்கள் வெளியே நிற்பதில்லை என்று முந்தின இரவே பேசிவைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் நேரம் 8:30, 9 என்றால் தோட்டத்தைக் கடைசிக்குத் தள்ளி, கீழே உள்ள நீதி வாயில் வழியாக நேரே அரண்மனைக்குப் போவது சுருக்கு வழி.

40க்கு 40 செ.மீ.க்கு மேற்பட்ட பை உள்ளே அனுமதி இல்லை. சிறிய முதுகுப் பையையும் முன்புறம் மாட்டச் சொல்வார்கள். சுவரின் சுதைவேலை உரசினால் உதிரும் என்பதே காரணம். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒருமுறைதான் நுழைய முடியும்.

அரண்மனைக்குள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் செலவிடுங்கள், அதிலும் நிமிர்ந்து பாருங்கள். கொமாரெஸ் கோபுரத்துத் தூதர் கூடத்தின் மரக்கூரை 8,000க்கும் மேற்பட்ட துண்டுகளால் இழைத்தது. சுவரெங்கும் திரும்பத் திரும்ப வரும் அரபு வரி நஸ்ரிகளின் முத்திரை வாசகம்: இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை. சிங்க முற்றத்தில் பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் தொட்டியின் விளிம்பில் இப்னு சம்ரக் என்ற அரசவைக் கவிஞரின் பாடல் செதுக்கப்பட்டிருக்கிறது. ஓடுவது நீரா, பளிங்கா என்று மயங்கும் கவிதை. இந்த நீர் பம்பு இல்லாமல் வந்தது: தாரோ ஆற்றை மேலே சில கிலோமீட்டர் தூரத்தில் மறித்து, சரிவை மட்டுமே நம்பி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏரி, மதகு பார்த்து வளர்ந்தவர்கள் அந்த வாய்க்காலைத் தோட்டத்தில் தேடிப் பார்க்கலாம்.

பிறகு அல்காசாபா. வேலா கோபுரத்தில் ஏறினால் முழு ஊரும் தெரியும். பக்கத்தில் ஐந்தாம் கார்லோஸின் அரண்மனை. சதுரக் கட்டடத்துக்குள் வட்ட முற்றம், நுழைவு இலவசம். எல்லாம் முடியும்போது பகல் 1 மணி ஆகிவிடும். கையில் தண்ணீர் வைத்திருங்கள்.

சாப்பாடு

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு 2 முதல் 4 வரை. நாலரைக்குப் பசித்தால் பல அடுப்புகள் அணைந்திருக்கும். இரவு எட்டரைக்கு மேல்தான் மறுபடி. கிரனாடாவின் வரம் என்னவென்றால், பெரும்பாலான பார்களில் பானம் கேட்டாலே கூடவே ஒரு தபா, அதாவது சிறு தட்டு உணவு, விலையில்லாமல் வரும். பானம் சுமார் 3 யூரோ. அடுத்த சுற்றுக்கு வேறு தட்டு வரும், மூன்று சுற்றில் வயிறு நிறையும். மது வேண்டாதவர்கள் 'மோஸ்தோ' என்ற திராட்சைச் சாறு கேட்கலாம். அதற்கும் பெரும்பாலும் தட்டு உண்டு.

சைவர்கள் கவனிக்க: 'சின் கார்னே', இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் பல பார்களில் பன்றித்தொடையையும் சூரை மீனையும் இறைச்சியாகவே கருத மாட்டார்கள். 'சின் ஹமோன், சின் அதூன்' என்று தனியாகச் சொல்லுங்கள். குரோகெத்தா என்ற பொரித்த உருண்டைக்குள் பெரும்பாலும் ஹமோன் இருக்கும். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் சைவர்களுக்குக் கைகொடுக்கும். கால்தெரெரீயா நுவேவா தெருவில் தேநீர்க் கடைகளும் ஃபலாஃபலும் கிடைக்கும்.

பில்லை எட்டாகப் பிரிக்கச் சொன்னால் பரிமாறுபவர் முகம் சுளிப்பார். ஸ்பானிய மாணவர்கள் செய்வதுபோல் 'போத்தே' போடுங்கள்: ஆளுக்கு 20 யூரோ பொதுப் பணம், ஒருவர் கையில். மது குடிப்பவருக்கும் குடிக்காதவருக்கும் கணக்கு எப்படி என்பதை முதல் சுற்றுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

சனி மாலை, ஞாயிறு

சூரியன் சாய ஒரு மணி நேரம் முன்பு சி31 சிற்றுந்தில் அல்பைசின் ஏறி, சான் நிக்கோலாஸ் மேடையில் இடம் பிடியுங்கள். எதிர்க் குன்றில் அல்ஹம்பிரா சிவக்கும், பின்னால் சியெரா நெவாதா மலைத்தொடர். கூட்டத்தில் ஜேப்படி உண்டு. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவது நடந்தே, தாரோ ஆற்றோரத் தெரு வழியாக.

ஞாயிறு காலை அரச சிற்றாலயத்தின் திறப்பு நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மேலே இசபெல்லா, பெர்தினாந்தின் பளிங்குச் சிற்பச் சமாதிகள்; படியிறங்கினால் உண்மையான ஈயப் பெட்டிகள், எந்த அலங்காரமும் இல்லாமல். பேராலயத்தில் காலை பூசை நடக்கும் என்பதால் பார்வையாளர் நேரம் தனி. அந்த வாசல்களில் ரோஸ்மேரிக் கிளையை நீட்டும் பெண்களிடம் கையை நீட்டாதீர்கள். வாங்கிய மறுகணம் ரேகை பார்த்துக் காசு கேட்பார்கள். கைகட்டியபடி 'நோ, கிராசியாஸ்' போதும்.

ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். திரும்பும் பயணத்துக்கான ரொட்டி, பழம், தண்ணீரைச் சனி இரவே வாங்கி வையுங்கள். அறையைக் காலி செய்த பின் பையை ஹாஸ்டலிலேயே விட்டுவைக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பஸ்ஸுக்கு முக்கால் மணி முன்பு 33ஐப் பிடித்தால் போதும். போத்தேயில் மிச்சமிருப்பதைப் பஸ்ஸில் ஏறிய பிறகு பிரித்துக்கொள்ளலாம்.