பூங்காவுக்கு டீச்சரம்மா பெயர் வைத்த கதை

எங்கள் பூங்காவுக்கு டீச்சரம்மாவின் பெயரை வைக்கலாம் என்று வாக்கிங் கோஷ்டியில் யாரோ சொல்ல, அலைச்சல் என் தலையில் விழுந்தது. நீங்களும் இப்படி இறங்கப்போகிறீர்கள் என்றால், நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். மனை போட்டவர் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி மாநகராட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத நிலம் என்றால் பெயர்ப் பலகை அப்புறம், பத்திரம்தான் முதல் வேலை.

இப்போதுள்ள பெயர் யாருடையது என்றும் விசாரியுங்கள். சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் வெள்ளைக்கார கவர்னர் நேப்பியர் பெயரில் இருந்த பூங்கா மே தினப் பூங்கா ஆனபோது அந்த கவர்னரின் பேரன் அடுத்த தெருவில் குடியிருக்கவில்லை. உங்கள் ஊரில் குடியிருக்கலாம்! நேரில் போய்ப் பேசி, காபி குடித்துவிட்டு வாருங்கள். மனு கொடுத்த பிறகு போனால் காபி கிடைக்காது.

கையெழுத்துக்கு வீடு வீடாக ஏறாதீர்கள். காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நோட்டோடு உட்காருங்கள். டீச்சரம்மாவிடம் எழுத்து கற்ற பூக்காரம்மா, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினார். கவுன்சிலரிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினேன்.

மனுவைக் கவுன்சிலருக்கும் ஆணையருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறி, அரசின் ஒப்புதலும் வர வேண்டும் என்றால் மாதங்கள் ஆகும். நடுவில் தேர்தல் வந்தால் கோப்பு தூங்கும்.

குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயரை எப்படி எழுதுவது என்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். சாதி ஒட்டு வேண்டாம்; நடேச முதலியார் பெயரில் உள்ள தி.நகர் பூங்காவையே நடேசன் பூங்கா என்றுதானே சொல்கிறோம்? நான் கோட்டை விட்டது இனிஷியலில். கணவர் பெயரின் எழுத்தைப் போடுவதற்குப் பதில் அப்பா பெயரின் எழுத்தைப் போட்டுவிட்டேன். அதே தவறு தீர்மானத்திலும் ஏறிவிட்டது. திருத்த இன்னொரு கூட்டம் வரை காத்திருந்தோம். ஆதார் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனு எழுதுங்கள்.

பலகையில் முழுப் பெயருக்குக் கீழே ‘டீச்சரம்மா பூங்கா’ என்றும் எழுதச் சொன்னோம். ஆட்டோக்காரருக்கு அது தெரிந்தால் போதும்.