செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

செஞ்சிக்குப் போகிற பலரும் டிக்கெட் எடுத்த கையோடு ராஜகிரி உச்சிக்கு ஓடிவிட்டு, மூச்சு வாங்க நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்த படையில் நீங்களும் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு நடந்தால்தான் கட்டியவன் மூளை புரியும்.

முதலில் கீழே நின்று மலைகளைப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று, அவற்றை இணைத்து ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். அப்புறம் வாசல்கள். எதுவும் நேராக உள்ளே விடாது, நுழைந்ததும் வழி மடங்கும், ஓடிவந்த வேகம் அங்கேயே செத்துவிடும், மேலே மதிலில் நிற்பவனுக்கு உங்கள் விலா தெரியும்.

கல்யாண மகாலில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். நடுவில் அடுக்கடுக்காக ஏறும் கோபுரம், சுற்றிலும் அறைகள். பக்கத்திலேயே களஞ்சியம், யானைக்குளம். சோறும் தண்ணீரும் உள்ளேயே இருந்ததால்தான் 1690-இல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1698 வரை இழுபட்டான், அதற்குள் கோட்டைக்குள் இருந்த மராட்டிய மன்னர், சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பியும் போய்விட்டார். ஆனால் இதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள்! மதில் மட்டும் போதாது, காவலும் விழித்திருக்க வேண்டும் இல்லையா.

இனி ராஜகிரி. சுமார் 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேல் படிகள், அதனால் வெயில் ஏறுமுன் காலையிலேயே தொடங்குங்கள், தண்ணீர் கட்டாயம். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் கேட்டு வாங்காது. உச்சிக்குச் சற்று முன் பாறை இரண்டாகப் பிளந்திருக்கும், மேலே ஒரு சின்னப் பாலம். அதில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். பாலத்தை எடுத்துவிட்டால், மதிலைத் தாண்டி இவ்வளவு படி ஏறி வந்தவன் இந்தப் பள்ளத்துக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

கால் வலித்தால் கிருஷ்ணகிரியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கீழே வெங்கடரமணர் கோயிலை விட்டுவிடாதீர்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் இங்கிருந்து போனவை என்பார்கள். இங்கே மீதமுள்ள தூண்களைப் பார்த்துவிட்டு அங்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.