குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத ஆயத்தமாதல்

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில், இறுதித் தரவரிசையை முடிவு செய்யும் 2025 மதிப்பெண்களுள் 1750 முதன்மைத் தேர்வு எனப்படும் எழுத்துத் தேர்வுக்கும் 275 நேர்முகமான ஆளுமைத் தேர்வுக்கும் உரியவை. முதன்மைத் தேர்வுக்குத் தகுதியானவர்களை வடிகட்டும் முதல்நிலைத் தேர்வில் பெற்ற மதிப்பெண் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அப்படியிருந்தும் நம் மாணவர்கள் பலர் ஆண்டு முழுவதும் வாசித்துவிட்டு, முதல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவந்த பிறகுதான் விடை எழுதிப் பார்க்கத் தொடங்குகின்றனர். இரண்டு தேர்வுகளுக்கும் இடையே கிடைப்பது ஏறத்தாழ மூன்று மாதங்களே. எழுதும் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள அந்தக் காலம் போதாது. ஆகவே, ஒரு பாடப்பகுதியைப் படித்து முடித்த அன்றே அதிலிருந்து ஒரு வினாவுக்காவது விடை எழுதும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுவோர் முதலில் கவனத்தில் கொள்ள வேண்டியது வினாத்தாளின் மொழியாகும். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் விடை எழுதலாம் என்றாலும், கட்டுரைத் தாளிலும் பொது அறிவுத் தாள்களிலும் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகின்றன. எனவே யாரோ தமிழாக்கித் தந்த வினாக்களைக் கொண்டு பயிற்சி செய்வது, தேர்வறையில் எதிர்கொள்ளப்போகும் வேலையின் முதற்பாதியை விட்டுவிடுவதாகும். 2013ஆம் ஆண்டில் இன்றைய அமைப்பு நடைமுறைக்கு வந்தது முதல் வெளியான வினாத்தாள்களை ஆங்கிலத்திலேயே எடுத்துக்கொண்டு, வினா எதைக் கேட்கிறது, எத்தனை பகுதிகளாகக் கேட்கிறது, விளக்கம் கேட்கிறதா மதிப்பீடு கேட்கிறதா என்பதை ஓரத்தில் தமிழில் குறித்த பின்னரே விடையைத் தொடங்க வேண்டும்.

கலைச்சொற்களுக்கென ஒரு தனிக் குறிப்பேடு மிகவும் தேவை. நிதிப் பற்றாக்குறை, வருவாய்ப் பற்றாக்குறை, நீதிப் புனராய்வு, கூட்டாட்சி போன்ற சொற்களுக்கு ஒரே வடிவத்தைத் தேர்ந்து, எல்லா விடைகளிலும் அதையே கையாளுவது திருத்துபவருக்குக் குழப்பத்தைத் தவிர்க்கும். கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தை அருகே அடைப்புக்குறிக்குள் தரத் தேர்வாணையம் இடமளிக்கிறது; ஆனால் அந்தச் சலுகையை மிகையாகப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறைக்கப்படும் என்றும் விதி உள்ளது. சொற்களுக்கு மட்டும், அதுவும் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

அடுத்தது காலக்கணக்கு. பொது அறிவின் முதல் மூன்று தாள்களில் ஒவ்வொன்றிலும் 20 வினாக்கள், 180 நிமிடங்கள். பத்து வினாக்கள் தலா 10 மதிப்பெண்ணுக்கு 150 சொற்களிலும், பத்து வினாக்கள் தலா 15 மதிப்பெண்ணுக்கு 250 சொற்களிலும் எழுதப்பட வேண்டியவை. சிறிய விடைக்கு 7 நிமிடம், பெரியதற்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 170 நிமிடங்களில் தாள் முடியும். எஞ்சும் பத்து நிமிடமே தடுமாற்றங்களுக்கான இருப்பு. விடை எழுதும் இடமும் வினாவின் கீழேயே அளந்து தரப்படுகிறது. தமிழ்ச் சொற்கள் விகுதியும் வேற்றுமையும் ஏற்று நீள்வதால், சொல்லெண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு எழுதுபவருக்கு இடமும் நேரமும் ஒருசேரத் தீர்ந்துவிடும். ஆகவே பயிற்சியில் பக்கத்தையும் கடிகாரத்தையுமே அளவாகக் கொள்ளுங்கள்.

ஒரு விடையின் உள்ளீடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குடியரசுத் தலைவர் ஆட்சியின் பயன்பாட்டை, மாநில அரசுகள் கலைக்கப்பட்டது குறித்த எஸ்.ஆர். பொம்மை வழக்கு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியது என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படுவதாகக் கொள்வோம். அந்த ஆட்சிக்கு இடமளிக்கும் அரசமைப்பின் 356ஆவது உறுப்பின் வரலாற்றை முழுவதும் எழுதத் தொடங்கினால் ஏழு நிமிடத்தில் வினாவின் வாசலைக்கூட எட்ட முடியாது. அந்த உறுப்பு எதற்காக உள்ளது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, 1994ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வகுத்தவற்றுக்கு நேரே செல்ல வேண்டும்: பெரும்பான்மை சட்டப்பேரவையிலேயே நிறுவப்பட வேண்டும், பிரகடனம் நீதிப் புனராய்வுக்கு உட்பட்டது, நாடாளுமன்ற ஒப்புதலுக்கு முன் பேரவையைக் கலைக்கலாகாது. 1976இலும் 1991இலும் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டதைத் தீர்ப்புக்கு முந்தைய நிலைக்குச் சான்றாகவும், 2016இல் அருணாசலப் பிரதேச அரசை உச்ச நீதிமன்றம் மீட்டதைப் பிந்தைய நிலைக்குச் சான்றாகவும் ஓரிரு வரிகளில் வைத்தால், ‘எந்த அளவுக்கு’ என்ற கேள்விக்கு உங்கள் மதிப்பீடு தானே உருவாகிவிடும். வினா கேட்காத எதையும், அது எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும், எழுதாமல் விடுவதுதான் இப்பயிற்சியில் மிகக் கடினமான பகுதி என்பது என் உறுதியான கருத்து.

பொது அறிவில் அறநெறி பற்றிய நான்காம் தாளில், ஒரு சூழலைத் தந்து அதில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் நிகழ்வாய்வு வினாக்கள் பாதியளவு மதிப்பெண்ணைக் கொண்டவை என்பதால், அவற்றுக்கு மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ பாதியை ஒதுக்க வேண்டும். கட்டுரைத் தாளில் ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள் கொண்ட இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். முதல் இருபது நிமிடங்களைக் கருத்துகளைத் திரட்டி வரிசைப்படுத்துவதற்குச் செலவிடுவது வீணாகாது.

விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியத்தைத் தேர்ந்தவர்கள் மூல நூல்களையே படிக்க வேண்டும். குறுந்தொகையின் முதல் 25 பாடல்களையும், புறநானூற்றின் 182 முதல் 200 வரையிலான பாடல்களையும் உரை நூல்களின் சுருக்கங்களைக் கொண்டு கடந்துவிட முடியாது. பாடலடிகளை மேற்கோளாகத் தரும் அளவுக்கு மனத்தில் பதிய வேண்டும்.

எழுதிய விடைகளைத் திருத்தித் தரத் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் நன்று. கிடைக்காதபோது, ஒத்த நிலையிலுள்ள நண்பர்கள் இருவர் விடைகளை மாற்றித் திருத்திக்கொள்வதும் பயன் தரும். தேர்வுக்கு முந்தைய வாரங்களில், காலையில் ஒரு தாளும் பிற்பகலில் ஒரு தாளுமாக ஆறு மணி நேரம் எழுதிப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் உண்மைத் தேர்விலும் பெரும்பாலான நாள்கள் அப்படியே அமைகின்றன.

இறுதியாக மொழித் தாள்கள். தமிழும் ஆங்கிலமும் தலா 300 மதிப்பெண் கொண்ட தகுதித் தாள்கள். ஒவ்வொன்றிலும் 25 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாள்கள் தரவரிசைக்குக் கொள்ளப்படுவதில்லை. தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலத் தாளே கவலைக்குரியது என்பதால், சுருக்கி எழுதுதலையும் கட்டுரையையும் வாரத்துக்கு ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டில் பொது அறிவுத் தாள்கள் ஆகஸ்ட் 24ஆம் நாள் முடிந்து, மொழித் தாள்கள் 30ஆம் நாளும் விருப்பப் பாடம் 31ஆம் நாளும் நடந்தன. அத்தகைய இடைவெளி கிடைக்கும்போது அதன் பெரும்பகுதியை விருப்பப் பாடத்துக்கு அளித்து, ஒரு காலைப் பொழுதை மட்டும் ஆங்கிலத் தாளின் பழைய வினாத்தாள் ஒன்றை முழுமையாக எழுதுவதற்கு ஒதுக்குங்கள்.